மொத்தம் ஆறரை வந்தும் அனுமதி கிடைக்கவில்லை: ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்கு நமது பிள்ளைகள் தயாராவது எப்படி?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பழைய மாணவர் ஒருவரின் வாப்பா என்னைக் காத்துக்கொண்டு நின்றார். கையில் மடித்த ஒரு தாள்.

"சேர், மகனுக்கு ஆறரை வந்திருக்கு. அவங்க கேட்டதும் ஆறரைதான். ஆனா யுனிவர்சிட்டியில ஏலாதாம் எண்டு மெயில் அனுப்பியிருக்காங்க. இது என்ன நியாயம்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். செவிமடுத்தல் 6.5, வாசிப்பு 6.5, பேச்சு 6.5, எழுத்து 5.5. சராசரி 6.25. இந்தப் பரீட்சையில் 6.25 என்பது 6.5 ஆக உயர்த்தப்படும். ஆகவே மொத்தம் ஆறரை என்பது சரிதான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் மொத்தம் 6.5 மட்டும் கேட்கவில்லை. எந்தப் பகுதியிலும் 6.0 இற்குக் குறையக் கூடாது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது. அந்த வரியை மகனும் வாசிக்கவில்லை, வாப்பாவும் வாசிக்கவில்லை, பணம் வாங்கிப் படிப்பித்த நிலையமும் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சைக் கட்டணத்துக்காக அந்த வீட்டில் ஒரு சோடி காப்பு அடகுக்குப் போயிருந்தது.

நான் ஓர் ஆங்கில ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வெளியேறி இருபது வருடங்களை நெருங்குகிறேன். இப்படித் தாளோடு வரும் பெற்றோரை இப்போது அடிக்கடி காண்கிறேன். க.பொ.த. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு இருந்தும் இஸட் புள்ளி போதாமல் போகும் பிள்ளைகள், தாதியர் துறைக்கும் பொறியியலுக்கும் வெளிநாடு செல்ல நினைப்பவர்கள், பட்டப்பின் படிப்புக்கு முயல்பவர்கள் என்று பலரும் இந்த ஒரு வாசலைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நமது சமூகத்தில் கதைகள் அதிகம், தெளிவு குறைவு. ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் கதை

மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் முன் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். கலாசாலைக்குப் பின் வெளிவாரியாகப் பட்டம் முடித்தேன். நாற்பது வயது கடந்த பிறகு, வெளிநாட்டில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஆசை வந்தது. ஆங்கிலம் படிப்பிக்கும் எனக்கு இந்தப் பரீட்சை எம்மாத்திரம் என்று நினைத்து, ஆயத்தம் எதுவும் இல்லாமல் போய் எழுதினேன். செவிமடுத்தல் 7.5, வாசிப்பு 7.5, பேச்சு 7.0, எழுத்து 6.0. மொத்தம் 7.0. எனக்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு பகுதியிலும் 6.5. மற்றப் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தும் நான் எழுத்தில் தவறிவிட்டேன். வெட்கத்தில் வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்து மீண்டும் எழுதியபோது எழுத்தில் 6.5 கிடைத்தது. ஆனால் படிப்புக்கான நிதி உதவி கைகூடவில்லை. இந்தப் பெறுபேற்றை இரண்டு வருடங்களுக்குத்தான் பல்கலைக்கழகங்கள் ஏற்கும். என் சான்றிதழ் அலுமாரிக்குள் இருந்தபடியே காலாவதியானது. இரண்டு தடவை கட்டிய கட்டணமும் போனது. அந்த இரண்டு பிழைகளையும் நமது பிள்ளைகள் செய்யக் கூடாது என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இது எத்தகைய பரீட்சை?

ஐ.ஈ.எல்.டி.எஸ். 1989 முதல் நடத்தப்படுகிறது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று தரப்பும் இதற்குக் கூட்டாகப் பொறுப்பு. பல்கலைக்கழகப் படிப்புக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 'அகடமிக்' பிரிவு. தொழில், குடியேற்றம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 'ஜெனரல் ட்ரெய்னிங்' பிரிவு. பதியும்போது இதை மாற்றி அடித்துவிட்டால் முழுக் காசும் வீண்.

இதில் சித்தி, சித்தியின்மை என்று எதுவும் இல்லை. 0 முதல் 9 வரையான ஓர் அளவுகோலில் உங்கள் ஆங்கிலம் எங்கே நிற்கிறது என்று காட்டுவார்கள், அவ்வளவுதான். எவ்வளவு போதும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமும் அந்த நாட்டின் விசா விதியும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உதாரணமாக, அவுஸ்திரேலியா மாணவர் விசாவுக்கான அடிப்படைப் புள்ளியை 2024 மார்ச்சில் 5.5 இலிருந்து 6.0 ஆக உயர்த்தியது. ஆகவே, நண்பன் போன வருடம் என்ன புள்ளியில் போனான் என்று கேட்டுப் பயனில்லை. நீங்கள் படிக்கப்போகும் அதே பாடநெறியின் பக்கத்தைத் திறந்து, மொத்தப் புள்ளி எவ்வளவு, ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு என்ற இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பி.டி.ஈ., டோஃபல் போன்ற வேறு பரீட்சைகளை ஏற்கிறார்களா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

பகுதிகள் நான்கு.

செவிமடுத்தல்: சுமார் 30 நிமிடம், 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும்.

வாசிப்பு: 60 நிமிடம், மூன்று நீண்ட பந்திகள், 40 வினாக்கள். விடைகளைப் பெயர்த்து எழுதத் தனி நேரம் கிடையாது.

எழுத்து: 60 நிமிடம், இரண்டு வேலைகள். முதலாவதில் ஒரு வரைபையோ அட்டவணையையோ படத்தையோ குறைந்தது 150 சொற்களில் விளக்க வேண்டும். இரண்டாவது, குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. இரண்டாவதற்கு முதலாவதைப் போல இரு மடங்கு பெறுமதி.

பேச்சு: பரீட்சகர் ஒருவருடன் 11 முதல் 14 நிமிட உரையாடல். நடுவில் ஒரு தலைப்பு அட்டை தருவார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும்.

செவிமடுத்தலிலும் வாசிப்பிலும் 40 இற்கு ஏறத்தாழ 23 சரியென்றால் 6.0, ஏறத்தாழ 30 சரியென்றால் 7.0. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் வெறுமனே விடக் கூடாது.

நமது பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்?

சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளைகூட இங்கே தடுமாறுவது ஏன்? நமது பாடசாலைப் பரீட்சைக்கு ஒரு பாடத்திட்டம் உண்டு. கடந்த கால வினாத்தாள்களைச் செய்தால் என்ன வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். காதால் கேட்டு விடை எழுதும் பழக்கமும் வாயால் பேசிக் காட்டும் பழக்கமும் வகுப்பறையில் மிகக் குறைவு. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தாலும் அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கெடுக்கப்படாததால், பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் இரசாயனவியல் கணக்குச் செய்துகொண்டிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அதே ஆங்கிலம் வாசலில் வந்து நிற்கிறது.

அடுத்தது மனனம். நமது பிள்ளைகளுக்கு மனன சக்தி ஒரு பெரிய அருள். ஆனால் இப்பரீட்சையில் மனனம் செய்த கட்டுரையை எழுதினால் அது எதிராகவே முடியும். தலைப்புக்குப் பொருந்தாத, பாடமாக்கிய வசனங்களைப் பரீட்சகர்கள் இலகுவில் இனங்காண்பார்கள். 'நகர மத்தியில் வாகனங்களைத் தடை செய்ய வேண்டும் என்ற கருத்துடன் எந்தளவு உடன்படுகிறீர்கள்?' என்று கேட்டால், நமது மாணவர் வாகனத்தின் வரலாறு, புகை, விபத்து, நெரிசல் என்று தெரிந்த அனைத்தையும் எழுதுகிறார். கேட்ட கேள்வி, நீங்கள் உடன்படுகிறீர்களா, ஏன் என்பதே. அதற்கு முதல் பந்தியிலேயே விடை இருக்க வேண்டும். பின்னர் ஒரு பந்திக்கு ஒரு காரணம், அதற்கு ஓர் உதாரணம். 'இன்றைய நவீன உலகிலே' என்று தொடங்கும் நமது தமிழ்க் கட்டுரைப் பழக்கத்தை இங்கு கொண்டுவரக் கூடாது. நான் முதல் தடவை இழந்த அரைப் புள்ளிக்கும் காரணம் இதுதான். இரண்டு பக்கக் கருத்தையும் அழகாக எழுதிவிட்டு, என் நிலைப்பாட்டைச் சொல்ல மறந்திருந்தேன்.

மூன்றாவது, தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் இலக்கணப் பிழைகள். தமிழில் 'பத்து மாடு' என்றாலே போதும், பன்மை தேவையில்லை. அதனால் 'டென் கவ்' என்று எழுதிவிடுகிறோம். 'அ', 'த' ஆகிய இரண்டு சிறு சொற்கள் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும். தமிழில் அவற்றுக்குச் சமமாக எதுவும் இல்லாததால் ஒன்றில் விட்டுவிடுகிறோம், அல்லது எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். எழுத்துப் பகுதியில் வினாவுக்கு விடையளித்தல், கோவையாக எழுதுதல், சொல்வளம், இலக்கணம் என்ற நான்குக்கும் சமமான பெறுமதி இருக்கிறது. இந்தச் சிறு பிழைகள் ஒவ்வொரு வரியிலும் வந்தால் நான்காவது பங்கு சரிந்துவிடும்.

நான்காவது, வாசிப்பில் வரும் 'ட்ரூ, ஃபோல்ஸ், நொட் கிவன்' வினாக்கள். பந்தியில் '1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார்' என்று மட்டும் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். '1887 இல் பயிரிட்டார்' என்ற கூற்று பிழை, அதாவது ஃபோல்ஸ். 'இலங்கையில் தேயிலைக்கு முன்னர் கோப்பி பயிரிடப்பட்டது' என்ற கூற்று? வரலாறு படித்த நமது பிள்ளை உடனே 'ட்ரூ' என்று எழுதும். உண்மையில் அது சரியான தகவல்தான். ஆனால் பந்தியில் அது இல்லையே! விடை 'நொட் கிவன்'. இங்கே உங்கள் பொது அறிவைச் சோதிக்கவில்லை, பந்தியில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே சோதிக்கிறார்கள்.

ஐந்தாவது நமது ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்டது. பெரியவர் முன்னால் குறைவாகப் பேசுவது மரியாதை என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளை. அது நல்ல பழக்கம். ஆனால் பேச்சுப் பரீட்சையில் 'உங்கள் ஊரை உங்களுக்குப் பிடிக்குமா?' என்று கேட்டால், 'ஆம், பிடிக்கும்' என்று தலைகுனிந்து நிறுத்திவிட்டால் பரீட்சகர் எதை வைத்துப் புள்ளியிடுவார்? ஏன் பிடிக்கும், களப்பில் காலையில் என்ன நடக்கும், சின்ன வயதில் எப்படி இருந்தது என்று மூன்று நான்கு வசனமாவது சொல்ல வேண்டும். உங்கள் கருத்து சரியா பிழையா என்று அவர் பார்ப்பதில்லை. அந்தக் கருத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதையே பார்க்கிறார்.

நம்மிடம் இருக்கும் ஒரு வசதி

உச்சரிப்பைப் பற்றிப் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். வெள்ளைக்காரரைப் போல் பேச வேண்டிய அவசியம் இல்லை. விளங்கும்படி பேசினால் போதும். இதில் நமது பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் மஹ்ரஜ் பழகிய பிள்ளைக்கு, நாக்கின் நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துச் சொல்லும் மூன்று புள்ளி எழுத்துத் தெரியும். ஆங்கிலத்தில் 'சிந்தி' என்ற பொருள்படும் 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலி அதுதான். நாம்தான் அதைத் தமிழ்த் 'தி' ஆக்கிவிடுகிறோம். அதேபோல் அரபியின் 'ஃபே' ஒலியும், 'ஸகாத்' என்ற சொல்லின் முதல் ஒலியும் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கின்றன. வகுப்பில் இதை நான் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மலரும். புதிதாகப் பழக வேண்டியதில்லை, ஏற்கெனவே நாவில் இருப்பதை இங்கேயும் எடுத்துப் பாவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு மாதத் திட்டம்

பத்து நாளில் ஏழு எடுத்துத் தருவோம் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஆங்கில அடிப்படை ஓரளவு உள்ள பிள்ளைக்குச் சுமார் நான்கு மாதங்களாவது வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஒழுங்கு இதுதான்.

முதல் மாதம்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உத்தியோகபூர்வ மாதிரிப் பரீட்சை ஒன்றை நேரம் வைத்துச் செய்யுங்கள். எந்தப் பகுதி பலவீனம் என்று தெரிந்துவிடும். அதன் பின் மாதிரி வினாத்தாளைத் தூக்கி வைத்துவிட்டு அடிப்படையைச் சரிசெய்யுங்கள். ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிரமர் இன் யூஸ்' நூலில் நாளுக்கு ஓர் அலகு. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் தலையங்கம் நாளுக்கு ஒன்று. பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சியை முதலில் எழுத்தைப் பார்க்காமலும் பின்னர் பார்த்தும் கேளுங்கள்.

இரண்டாம் மாதம்: வினா வகைகளைத் தனித்தனியாகப் பழகுங்கள். செவிமடுத்தலில் பேசுபவர் முதலில் செவ்வாய் என்பார், பிறகு 'இல்லை, வியாழன்' என்று திருத்துவார். அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும். பதினைந்தும் ஐம்பதும், பெயர்களின் எழுத்துக்கூட்டல் என்பவற்றுக்குத் தனிப் பயிற்சி தேவை. எழுத்துக்கூட்டல் பிழைத்தால் விடையும் பிழை. 'இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்' என்று சொல்லியிருக்க, மூன்று சொல் எழுதினாலும் பிழை.

மூன்றாம் மாதம்: எழுத்து. கிழமைக்கு நான்கு கட்டுரையாவது எழுதுங்கள். எழுதுவதை விடத் திருத்துவது முக்கியம். புள்ளியிடும் அளவுகோல் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டுள்ளது. அதைப் பதிவிறக்கி, உங்கள் பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் கட்டுரையோடு சேர்த்துக் கொடுங்கள். திருத்திய கட்டுரையை மறுநாள் மீண்டும் முழுமையாக எழுதுங்கள். எனக்கு அரைப் புள்ளி கூடியது இப்படித்தான். வரைபு வினாவில் எல்லா எண்களையும் எழுதாமல், மொத்தத்தில் எது கூடியது, எது குறைந்தது என்ற சாராம்சத்தை முதலில் எழுதப் பழகுங்கள். இரண்டாவது வேலைக்கு 40 நிமிடத்தை ஒதுக்குங்கள்.

நான்காம் மாதம்: கிழமைக்கு ஒரு முழுப் பரீட்சை. ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் பேசித் தொலைபேசியில் பதிந்து நீங்களே கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. இரண்டு கிழமையில் பழகிவிடும்.

பரீட்சை தினத்தில் பதிவுக்குக் கொடுத்த அதே கடவுச்சீட்டைக் கொண்டு செல்ல வேண்டும். முகம் மூடும் சகோதரிகள், அடையாளம் உறுதிப்படுத்துவதற்குப் பெண் அலுவலர் ஒருவரின் ஏற்பாட்டைப் பதியும்போதே நிலையத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. கடைசி நேரப் பதற்றத்தை அது தவிர்க்கும்.

காசு விடயத்தில் கவனம்

ஒரு தடவைக்கான கட்டணமே ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும். ஆகவே மாதிரிப் பரீட்சைகளில் தேவையான புள்ளி தொடர்ந்து மூன்று தடவையாவது வந்த பிறகே திகதி எடுங்கள். ஒரு பகுதியில் மட்டும் தவறினால் அந்தப் பகுதியை மாத்திரம் மீண்டும் எழுதும் வசதி இப்போது உண்டு. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை. முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். படிப்புச் செலவுக்கான வழி தெரியாமல் பரீட்சை எழுதினால் என் அலுமாரிச் சான்றிதழின் கதிதான்.

இன்னொன்று. பரீட்சைக்குப் போகாமலே சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் பெறுபேற்றை நேரடியாக இணையத்தில் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் காசு மட்டுமல்ல, பல வருடங்களுக்கு விசாவும் போகும். அது ஹலாலான வழியும் அல்ல.

சமூகமாக என்ன செய்யலாம்?

பெறுபேறு வந்ததும் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதற்கு நாம் பின்னிற்பதில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு ஊர் நூலகத்தில் கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சிப் புத்தகங்களில் நான்கு தொகுதிகளை வாங்கி வைக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் சனிக்கிழமைகளில் பத்துப் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி ஆங்கிலத்தில் பேச வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் நமது ஊர்ப் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இணையவழியில் அவர்களோடு பேசலாம். இவற்றுக்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. பெற்றோர் செய்ய வேண்டியது, தரம் பத்திலிருந்தே ஆங்கிலப் பாடவேளையை வெறும் ஓய்வு நேரமாகப் பிள்ளைகள் நினைக்காமல் பார்த்துக்கொள்வது.

முதலில் சொன்ன அந்த மகன் இப்போது மஃரிபுக்குப் பிறகு கொப்பியோடு என் வீட்டுக்கு வருகிறார். பல்கலைக்கழகம் அவரது இடத்தை அடுத்த பிரிவுக்கு மாற்றித் தர இணங்கியிருக்கிறது. நேற்றுக் கொண்டுவந்த கட்டுரையில் எட்டுப் பிழைகள் இருந்தன. முதல் நாள் கொண்டுவந்ததில் முப்பத்தொன்று. அடுத்த மாதம் மீண்டும் எழுதுகிறார். அந்தக் காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு காப்பு அடகுக்குப் போகும் முன்னர், அந்த இரண்டாவது வரியை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.